மூச்சுக் காற்றில் மீநுண்துகள்கள்

இளம் அறிவியல் (வேதியியல்), இரண்டாம் ஆண்டு மாணவி

உணவின்றி மனிதன் பல நாள் இருப்பான். நீரின்றிச் சில நாள் இருப்பான். காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட இருக்க இயலாது. உணவில் கல் இருந்தால் பொறுக்கி எறிகிறோம். நீர் கலங்கலாக இருந்தால் வடிகட்டிக் குடிக்கிறோம். ஆனால் காற்றை மட்டும் வந்தது வந்தபடியே உள்ளே வாங்கிக் கொள்கிறோம். அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்து வரும் ஒரு பொருளைப் பற்றியதே இக்கட்டுரை.

என் தந்தை எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் வாயிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். பீடியையோ சிகரெட்டையோ கையால் தொட்டறியாதவர். சென்ற ஆண்டு ஐப்பசியில் இருமல் நீங்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அவர் மூச்சை ஊதச் செய்து அளந்து பார்த்த மருத்துவர், "எத்தனை வருஷமா பீடி குடிக்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். குடிப்பதே இல்லை என்று நாங்கள் சொன்னதும், "வேலை எங்கே?" என்று கேட்டார். இடத்தைச் சொன்னோம். அவர் தலையை அசைத்துக் கொண்டே மருந்து எழுதினார். காரணம் இதுதான் என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டாவது கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. அதற்கு விடை தேடிக் கல்லூரி நூலகத்தில் நான் படித்தறிந்தவற்றையே தோழர்களோடும் தோழியரோடும் இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

மீநுண்துகள் என்பது எது?

காற்றில் மிதக்கும் துகள்களை அவற்றின் பருமனை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கின்றனர். பத்து மைக்ரானுக்கு உட்பட்டவை ஒருவகை. இவற்றைப் பி.எம். 10 என்பர். இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்டவை நுண்துகள்கள், அதாவது பி.எம். 2.5. செய்தித்தாள்களில் நாம் அடிக்கடி காண்பது இதனையே. 0.1 மைக்ரானுக்கும், அதாவது 100 நானோமீட்டருக்கும் உட்பட்டவையே மீநுண்துகள்கள். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று கொண்டால், அதன் குறுக்கே எழுநூறு மீநுண்துகள்களை வரிசையாக நிறுத்திவிடலாம்!

இவை எங்கிருந்து வருகின்றன? எரியும் இடமெல்லாம் இவற்றின் பிறப்பிடமே. டீசல் இயந்திரம், பெட்ரோல் இயந்திரம், விறகடுப்பு, குப்பை எரிப்பு, செங்கற்சூளை, விமான இயந்திரம், வீட்டில் ஏற்றி வைக்கும் கொசுவர்த்திச் சுருள் ஆகிய அனைத்தும் இவற்றைக் கக்குகின்றன. எரிபொருள் முற்றிலும் எரியாதபோது கரியின் மிகச் சிறிய மணிகள் உண்டாகின்றன. அத்துடன், புகைக்குழாயிலிருந்து சூடாக வெளிவரும் ஆவிகள் குளிர்ந்த காற்றைத் தொட்டவுடன் சுருங்கி உறைந்து புதிய துகள்களாகின்றன. காற்றில் உள்ள கந்தக டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்தும் மீநுண்துகள்கள் தோன்றுவதுண்டு. எனவே கரும்புகை தெரிந்தால்தான் துகள் உண்டு என்று எண்ணுவது தவறு. புகையே தெரியாத குழாயிலிருந்தும் இவை கோடிக்கணக்கில் வெளிவரலாம்.

எடையில் கடுகு, எண்ணிக்கையில் கடல்

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டரை மைக்ரான் விட்டமுள்ள ஒரு துகளின் எடைக்கு, 0.1 மைக்ரான் விட்டமுள்ள துகள்கள் எத்தனை வேண்டும்? விட்டம் 25 மடங்கு குறைகிறது. கன அளவு 25 × 25 × 25 மடங்கு குறைகிறது. ஆகவே 15,625 துகள்கள் வேண்டும். தராசில் வைத்தால் இரண்டு பக்கமும் சமம். நுரையீரலுக்குள் வைத்தால் ஒரு பக்கம் ஒரே ஒரு விருந்தாளி. மறுபக்கமோ பதினையாயிரம் பேர் கொண்ட கூட்டம்!

காற்றின் தூய்மைக்கேட்டை நாம் இன்றுவரை பெரும்பாலும் எடையைக் கொண்டே அளந்து வருகிறோம். ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்பதே நாம் கேள்விப்படும் அளவு. நகரக் காற்றில் உள்ள துகள்களை ஒவ்வொன்றாக எண்ணினால் பெரும்பாலானவை மீநுண்துகள்களே. ஆனால் மொத்த எடையில் அவற்றின் பங்கு மிக மிகச் சிறிது. ஆகவே எடை பார்க்கும் கருவிக்கு இவை தட்டுப்படுவதே இல்லை எனலாம்.

இவற்றை எண்ணுவதற்கு வேறொரு வழி உண்டு. துகள்கள் உள்ள காற்றை ஆவியால் நிறைத்துக் குளிரச் செய்தால், ஒவ்வொரு துகளின் மீதும் ஆவி படிந்து ஒரு துளியாக வளரும். துளி கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடலாம். ஸ்காட்லாந்து நாட்டு ஜான் எயிட்கன் என்னும் அறிஞர் 1880களின் இறுதியிலேயே இம்முறையில் தூசி எண்ணும் கருவியை அமைத்தார். இன்றைய கருவிகள் பெரும்பாலும் பியூட்டனால் ஆவியைப் பயன்படுத்தி, ஒளிக்கற்றையால் துளிகளை எண்ணுகின்றன. ஆயினும் தத்துவம் அதே தத்துவம்தான்.

பரப்பு பெருகும் விந்தை

வேதியியல் மாணவர்களுக்குப் பரப்புக் கவர்ச்சி பற்றிய பாடம் நினைவிருக்கும். ஒரு பொருளைப் பொடியாக்க ஆக்க அதன் மேற்பரப்பு பெருகும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 0.1 மைக்ரான் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக நறுக்கினால், மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. நாம் அமர்ந்து பாடம் கேட்கும் ஒரு வகுப்பறையின் தரை அளவுக்கு வந்துவிடுகிறது அன்றோ!

இந்தப் பெரிய பரப்பின்மீது எரிபொருளின் மிச்சங்கள் ஒட்டிக் கொள்கின்றன. பல வளைய ஹைட்ரோகார்பன்கள், இரும்பு, வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்கள் ஆகியவை அவற்றுள் சில. சுருங்கச் சொன்னால், மீநுண்துகள் என்பது வெறும் தூசி அன்று. அது நச்சைச் சுமந்து செல்லும் சிறு வண்டி.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990களில் நடந்த ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. வெள்ளைப் பெயின்ட்டில் சேர்க்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடை 250 நானோமீட்டர் துகளாகவும், 20 நானோமீட்டர் துகளாகவும் எடுத்து எலிகளின் நுரையீரலுக்குள் செலுத்திப் பார்த்தனர். பொருளும் ஒன்று, எடையும் ஒன்று. ஆனால் 20 நானோமீட்டர் துகள்களே மிகுதியான அழற்சியை உண்டாக்கின. எடைக்குப் பதில் மேற்பரப்பைக் கணக்கில் கொண்டபோது இரண்டின் விளைவும் ஒத்துப்போயின.

நுரையீரலின் காவலைக் கடக்கும் விதம்

நம் உடல் காவல் இல்லாத கோட்டை அன்று. மூக்கின் மயிர்களும் வளைவுகளும் பெரிய துகள்களைத் தடுத்து நிறுத்துகின்றன. மூச்சுக் குழாயின் உட்சுவரில் உள்ள சளிப் படலமும் குறுயிழைகளும் அடுத்த அளவிலானவற்றைப் பிடித்து மேலே தள்ளிவிடுகின்றன. அவற்றையே நாம் இருமித் துப்புகிறோம். ஆனால் மீநுண்துகள்களுக்கு வேறு விதி. வாயு மூலக்கூறுகள் இடையறாது மோதுவதால் இவை அங்குமிங்கும் அலைகின்றன. ராபர்ட் பிரௌன் 1827இல் மகரந்தத்தை நீரிலிட்டு உருப்பெருக்கியில் நோக்கிய போது கண்ட அலைவும், ஐன்ஸ்டீன் 1905இல் விளக்கியதும் இந்த இயக்கத்தையே. இவ்வாறு அலைந்து அலைந்து நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்று நுண்ணறைகளின் சுவரில் இவை போய் ஒட்டிக் கொள்கின்றன. ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்களில் பாதியளவு அந்த நுண்ணறைகளிலேயே தங்கிவிடுகின்றன என்று கணக்கிட்டுள்ளனர்.

அந்த இடத்தில் குறுயிழைகள் கிடையாது. காவலுக்கு இருப்பவை பெருவிழுங்கு செல்கள் மட்டுமே. அவை பெரிய துகளை எளிதில் விழுங்கும். ஆனால் மீநுண்துகள்கள் பெரும்பாலும் அவற்றின் கண்ணில் படாமல் தப்பிவிடுகின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே அங்கே உள்ள சுவரோ ஒரு மைக்ரான் தடிமனும் இல்லாதது.

துகள் அந்தச் சுவரைத் தாண்டுமா? எடின்பரோவில் ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டவர்கள் இதற்கு விடை கண்டனர். உடல்நலமுள்ள 14 பேரைத் தங்கத்தின் மீநுண்துகள் கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தனர். உடலில் இயல்பாக மிக மிகக் குறைவாகவே உள்ள பொருள் தங்கம். எனவே அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. சிலருடைய இரத்தத்தில் பதினைந்தே நிமிடங்களில் தங்கம் தென்பட்டது. மூன்று மாதங்கள் கழித்தும் இரத்தத்திலும் சிறுநீரிலும் அது இருந்தது. இரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அழற்சி கண்ட இடங்களில் அது சேர்ந்திருந்ததையும் கண்டனர்.

இதயம், மூளை, கரு

இனி உடலுறுப்புகள் ஒவ்வொன்றையும் பற்றிக் காண்போம்.

முதலாவது இதயம். நுரையீரலின் ஆழத்தில் மீநுண்துகள் உண்டாக்கும் அழற்சி இரத்தத்தின் உறைதன்மையைக் கூட்டக்கூடும் என்று ஆன்டனி சீட்டன் என்பவரும் அவர்தம் துணைவர்களும் 1995இல் ஒரு கருத்தை முன்வைத்தனர். காற்று மாசுபட்ட நாட்களில் மாரடைப்பு ஏன் கூடுகிறது என்பதற்கு அது ஒரு விளக்கமாயிற்று. பின்னர் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பே மாரடைப்புக்கு ஆளாகித் தேறிய 20 ஆண்களை, நீர்த்த டீசல் புகையை ஒரு மணி நேரம் சுவாசித்தவாறே விட்டுவிட்டு மிதிவண்டிப் பயிற்சி செய்ய வைத்தனர். தூய காற்றில் செய்த போதைவிட, இதயத் தசைக்கு இரத்தம் போதாமையின் அறிகுறி மின்னிதய வரைபடத்தில் அதிகமாகத் தெரிந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் இயல்பான பொருள் சுரப்பதும் குறைந்திருந்தது.

இரண்டாவது மூளை. மெக்சிகோ நகரத்தையும் மான்செஸ்டரையும் சேர்ந்த 37 பேருடைய மூளைத் திசுக்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரையில், காந்த இரும்பு ஆக்சைடின் உருண்டையான நானோதுகள்கள் காணப்பட்டதாகக் கூறினர். உயர்ந்த வெப்பத்தில் எரிந்து உருவாகும் துகள்களுக்கே அந்த உருண்டை வடிவம் உரியது. மூக்கிலிருந்து மணம் அறியும் நரம்பின் வழியாக இவை மூளையை அடையக்கூடும். நினைவிழப்பு நோய்க்கு இவையே காரணம் என்று மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

மூன்றாவது கருவிலுள்ள சிசு. பெல்ஜியம் நாட்டு ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் 2019இல் நஞ்சுக்கொடியின் சிசுவை நோக்கிய பக்கத்திலேயே கருங்கரித் துகள்களைக் கண்டனர். பிறந்து முதல் மூச்சு விடுமுன்னரே குழந்தை நம் சாலைப் புகைக்குப் பங்காளி ஆகிவிடுகிறது என்பது வருந்தத்தக்கது.

புற்றுநோயைப் பொறுத்தவரை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு வெளிக்காற்று மாசு முழுவதையுமே அந்தப் பட்டியலில் சேர்த்தது.

ஒன்றை மறைக்காமல் கூறுவது அறிவியல் மாணவரின் கடமை. பி.எம். 2.5 பற்றிய சான்றுகள் மலைபோல் குவிந்துள்ளன. மீநுண்துகள்கள் தனித்துச் செய்யும் தீங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டும் சான்றுகள் அவ்வளவு இல்லை. காரணம், இவை பெரும்பாலான இடங்களில் நிலையங்கள் வைத்து எண்ணப்படவில்லை. தெருவுக்குத் தெரு மாறுபவை. பிற மாசுகளோடு கலந்தே வருபவை. அமெரிக்காவின் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் 2013இல் சான்றுகளைத் தொகுத்துப் பார்த்து இவ்வாறே கூறியது. அளக்காததனால் தெரியவில்லை, தெரியாததனால் அளக்கவில்லை என்ற நிலை நீண்ட காலம் இருந்தது.

சட்டமும் அளவும்

நம் நாட்டில் 2009இல் வகுக்கப்பட்ட காற்றுத் தர நெறியில் பி.எம். 2.5க்கு ஆண்டுச் சராசரி வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்திய அளவோ 5 மைக்ரோகிராம். மீநுண்துகளுக்கு அந்த இந்திய நெறியில் வரம்பு எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் வரம்பு விதிக்கவில்லை; ஒரு வழிகாட்டுதலை மட்டும் கூறியது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 1,000 துகள்களுக்குக் கீழே இருந்தால் குறைவு. 10,000க்கு மேல் போனால் அதிகம் என்பதே அது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டத்தில் குறிப்பிட்ட நிலையங்களில் மீநுண்துகளை அளப்பதைக் கட்டாயமாக்கியது.

நமக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் நிலை ஆறு என்னும் நெறி நடைமுறைக்கு வந்தது. எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார்கள் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடும் துகள்களின் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. அதனால் புதிய டீசல் வண்டிகளில் துகள் வடிகட்டி பொருத்தப்படுகிறது. ஆனால் பழைய வண்டிகளும் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

நாம் செய்யக் கூடியவை

மீநுண்துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிப் பெரிதாவதாலும், காற்றில் கலந்து நீர்த்துப் போவதாலும், பிறந்த இடத்தைவிட்டு விலக விலக எண்ணிக்கையில் விரைவாகக் குறைகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நெடுஞ்சாலை ஓரத்தில் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, சாலையிலிருந்து 300 மீட்டர் தொலைவில் எண்ணிக்கை சுற்றுப்புற அளவுக்கே இறங்கிவிடுகிறது. ஆகவே நடப்பதற்கும் ஓடுவதற்கும் பெருஞ்சாலை ஓரத்தைவிட உள்தெருவைத் தேர்ந்து கொள்வது நலம்.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக் கொள்வதால் பெரும்பயன் இல்லை. ஓரங்களின் வழியே காற்று நுழைந்துவிடும். முகத்தில் நன்கு பொருந்தும் என்-95 முகக்கவசம் பயன் தரும். அவ்வளவு சிறிய துகள் கவசத்தின் இழைகளுக்கு இடையே நுழைந்துவிடாதா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஆனால் மீநுண்துகள் நேராகச் செல்லாமல் அலைந்து செல்வதால் இழைகளில் மோதி மாட்டிக் கொள்கிறது.  

வீட்டுக்குள்ளும் கவனம் வேண்டும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிகையில் வெளியிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. கொசுவலைக்கு அந்தக் குற்றம் இல்லை. விறகடுப்பைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராம வீடுகளில் செய்த அளவீடு 2002இல் வெளியானது. விறகு முதலியவற்றால் சமைப்பவர் ஒரு நாளில் சுவாசித்த காற்றில் துகளின் சராசரி கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம். எரிவாயு போன்ற தூய எரிபொருள் உள்ள வீடுகளில் 82.

எங்கள் வீட்டிலும் எரிவாயு உருளை உண்டு. ஆனால் விலையை எண்ணி அம்மா அதில் தேநீர் மட்டுமே வைப்பார். இந்தக் கணக்கை எல்லாம் நான் சொல்லிய பிறகு, சோறும் குழம்பும் எரிவாயு அடுப்புக்கு மாறின. வெந்நீர் அடுப்பு வீட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடிக்குப் போயிற்று. அதற்கு ஈடாக நான் பேருந்துக்குப் பதில் மிதிவண்டியில் கல்லூரிக்கு வருகிறேன். உள்தெரு வழியாகத்தான்!

அப்பாவிடமும் சொன்னேன். "வண்டியை ஒரு முந்நூறு அடியாவது தள்ளிப் போடக் கூடாதா அப்பா?" என்றேன். "தள்ளிப் போட்டா யாரும்மா வந்து வாங்குவாங்க? பஸ்ஸுல ஏறப் போறவங்கதானே நமக்கு யாவாரம்" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. நான் படித்த ஆய்வுகள் எதிலும் அதற்கு விடை இல்லை. தூரத்தை விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு, துகள் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதே நான் கண்ட முடிவு.

ஆயினும் அப்பா சும்மா இருக்கவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் நிற்கும் பேருந்துகளின் ஓட்டுநர்களிடம், "நிக்கிற வரைக்கும் இன்ஜினை அணைச்சுப் போடுங்க தம்பி, மக கெமிஸ்ட்ரி படிக்குது, அது சொல்லுது" என்று கேட்கத் தொடங்கினார். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் அணைக்கிறார்கள். அணைப்பவர்களுக்கு ஒரு வாழைப்பழம் இலவசம்.

முடிவுரை

பேருந்து நிலையத்தில் கடை வைத்திருப்போர், போக்குவரத்துக் காவலர், சாலை பெருக்குவோர், விறகடுப்பின் முன் குனிந்திருக்கும் நம் தாய்மார் ஆகியோரே மீநுண்துகள்களை மிகுதியாகச் சுவாசிப்பவர்கள். அவர்கள் வீட்டிலிருந்து வந்தவர்கள்தாம் இக்கல்லூரியில் நம்மில் பலர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலில் மிதித்தவள் நான். படித்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்வதே அதற்குச் செய்யும் கைம்மாறு என்று கருதுகிறேன்.

நம் கல்லூரி வளாகத்தில் ஒவ்வொரு ஆண்டும் மாசி பங்குனியில் உதிரும் சருகுகளைக் குவித்துத் தீ வைக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தப் புகை நேரே வகுப்பறைக்குத்தான் வருகிறது. அவற்றை எரிக்காமல் தாவரவியல் துறையின் பின்புறம் குழி வெட்டி எருவாக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மனம் வைத்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குழி தயாராகிவிடும். முதல் மண்வெட்டியைப் பிடிக்க நான் வருகிறேன். பேராசிரியப் பெருமக்களும் தோழர்களும் துணை நிற்க வேண்டுகிறேன்.